மால் பார்க்கிங் கட்டணம்: தனியார் இடத்தில் மாநகராட்சிக்கு என்ன அதிகாரம்?

மாலில் ஒரு காபி குடித்துவிட்டு வெளியே வந்தால், சில சமயம் காபி பில்லைவிட பார்க்கிங் பில் பெரிதாக இருக்கிறது. கேட்டால், 'இது எங்க இடம் சார், ரேட்டும் நாங்கதான் முடிவு பண்ணுவோம்' என்று பதில் வரும். சட்டப்படி இது சரியா?

இடம் தனியாருடையதுதானே?

நிலம் தனியாருடையதுதான். ஆனால், அதில் பார்க்கிங் விடுவது உரிமையாளரின் விருப்பம் அல்ல. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, எந்த மாதிரி கட்டடத்துக்கு எவ்வளவு பார்க்கிங் வேண்டும் என்று கணக்கு உண்டு. அதை வரைபடத்தில் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும்.

இதற்குப் பலனும் இருக்கிறது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் எஃப்எஸ்ஐ கணக்கில் பார்க்கிங் தளம் பொதுவாகச் சேராது. அதாவது, பார்க்கிங் என்று சொல்லித்தான் அந்தப் பரப்பைக் கூடுதலாகக் கட்ட முடிகிறது. அதனால், அதைக் கடையாகவோ குடோனாகவோ மாற்றினால் விதிமீறல். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் அனுப்பலாம், சீல் வைக்கலாம்.

கட்டணம் வாங்கலாமா?

குழப்பம் இங்கேதான். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பதில் சொல்கிறது.

தெலங்கானா: 2018-ல் வந்த அரசாணைப்படி, முதல் 30 நிமிடம் எல்லோருக்கும் இலவசம். ஒரு மணி நேரம் வரை, ஏதாவது பொருள் வாங்கிய பில்லைக் காட்டினால் போதும். அதற்கு மேல் என்றால், பில் தொகை பார்க்கிங் கட்டணத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

குஜராத்: மால்கள் பார்க்கிங் கட்டணமே வாங்கக் கூடாது என்று 2019-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. விதிப்படி கொடுத்தே ஆக வேண்டிய வசதிக்குத் தனியாகக் காசு கேட்க முடியாது என்பதுதான் வாதம்.

கேரளா: இங்கே பதில் நேர் எதிர். கொச்சி லுலு மால் வழக்கில், கட்டணம் வாங்குவது முதல் பார்வையில் சரியல்ல என்று 2022-ல் ஒரு நீதிபதி கருத்து சொன்னார். ஆனால், நகராட்சிச் சட்டப்படி லைசென்ஸ் இருந்தால் வசூலிக்கலாம் என்று 2025-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, உள்ளாட்சி அமைப்பின் கை எவ்வளவு நீளும் என்பதை அந்தந்த மாநிலச் சட்டமும் விதிகளும்தான் தீர்மானிக்கின்றன. சாலையோர பார்க்கிங்குக்கு ரேட் வைப்பதுபோல, மாலுக்கும் மாநகராட்சி நினைத்த மாத்திரத்தில் ரேட் வைத்துவிட முடியாது.

தமிழ்நாட்டில்?

சென்னையில் ஒரு மாலில் 2 மணி நேரத்துக்கும் குறைவாக வண்டியை நிறுத்தியவரிடம் 80 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அவர் வழக்குப் போட, கட்டணம் வாங்கியது தவறு என்று 2025-ல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நஷ்டஈடு தரச் சொன்னது. ஆனால், மாவட்ட ஆணையத்தின் உத்தரவு அந்த வழக்குக்குத்தான் பொருந்தும். எல்லா மாலிலும் அதைக் காட்டி 'ஃப்ரீயா விடுங்க' என்று கேட்க முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பார்க்கிங் டிக்கெட்டையும் ரேட் போர்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.
* பார்க்கிங் இடம் கடையாக மாறியிருந்தால், சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். அனுமதி வாங்கிய வரைபடத்தை ஆர்டிஐ மூலம் கேட்கலாம்.
* கட்டணம் பற்றிய புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
* நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இவ்வளவு சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.