தாய்மரத்தின் ஒரு குச்சி

பரம்பரை வீடு பாகம் பிரிக்கப்படும்போது அண்டா குண்டாவும் அலமாரியும் கூடப் பங்கிடப்படுகின்றன. கொல்லையில் நிற்கும் மாதுளை மட்டும் எவர் பங்கிலும் தனியே வருவதில்லை. நிலம் யாருக்கோ, மரமும் அவருக்கே. மனையை வாங்கியவர் அடுத்த வாரமே அதை வெட்டிச் சாய்க்கலாம். "உம்மா வைத்த மரம் போய்விட்டதே!" என்று பின்னர் வருந்துவோர் பலர். அவ்வருத்தத்தைத் தவிர்க்க வழியுண்டு. ஒரு சாண் குச்சி போதும். அம்மரத்தையே நீங்கள் உடன் கொண்டு செல்லலாம்.

விதை வேறு, குச்சி வேறு

பழத்தின் விதையை ஊன்றினால் ஆகாதா என்று கேட்பீர்கள். விதையில் தாய்மரத்தின் குணத்தோடு, மகரந்தம் தந்த மரத்தின் குணமும் கலந்திருக்கும். இனித்த மாதுளையின் விதை புளித்த மாதுளையாக வளரக்கூடும். குச்சியில் அக்கலப்பு இல்லை. அதே நிறம், அதே சுவை. காய்ப்பதற்குக் காத்திருக்கும் காலமும் குறைவு. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குக் கொடித்துண்டுகளாகவே பரவி வந்தது.

எவ்வாறு நடுவது?

நோயற்ற, நன்கு காய்த்துவரும் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இலையிலோ காயிலோ எண்ணெய் படிந்தாற்போன்ற கரும்புள்ளிகள் இருந்தால் அம்மரத்தை விட்டுவிடுங்கள். நற்குணத்தைப் போலவே நோயும் குச்சியின் வழியே உடன் வரும்.

சென்ற ஆண்டு வளர்ந்து முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளையில் 20 முதல் 25 செ.மீ. நீளம் வெட்டுங்கள். கத்தி சுத்தமாகவும் கூராகவும் இருக்கட்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேற்பக்கத்தைக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாகவும் வெட்டினால் தலை எது, அடி எது என்ற குழப்பம் வராது. இது முக்கியம். மொட்டுகளில் உண்டாகும் ஊக்கி நீர் கீழ்நோக்கி இறங்கி, அடிவெட்டில் தேங்கித்தான் வேரை எழுப்புகிறது. தலைகீழாக நட்ட குச்சி பெரும்பாலும் பட்டுப்போகும்.

இலைகளைக் களைந்துவிடுங்கள். வேர் இல்லாத நிலையில் இலைகள் குச்சியின் ஈரத்தை ஆவியாக்கிவிடும். செம்மண், மணல், மக்கிய உரம் ஆகியவற்றைச் சமமாகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்பிக் குச்சியின் மூன்றில் இரு பங்கு புதையும்படி ஊன்றுங்கள். நிழலில் வைத்து, மண் ஈரம் காயாமல், நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத் தொடக்கம் இதற்கு ஏற்றது.

அவசரம் ஆகாது

இரண்டு மூன்று வாரங்களில் தளிர் தோன்றியதும் வேர் பிடித்துவிட்டதென மகிழ்ந்து பலர் குச்சியைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அத்தளிர், தண்டில் சேமித்திருந்த உணவால் எழுந்ததாக இருக்கலாம். பிடுங்கினால் அரும்பிய வேர் அறுந்துபோகும். இரண்டு மாதங்கள் பொறுத்திருங்கள். தொட்டியின் துளை வழியே வேர் தென்பட்டால் ஐயமில்லை. பின்னர் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி நிலத்திலோ பெரிய தொட்டியிலோ மாற்றுங்கள். பத்துக் குச்சிகளில் சில பழுதாகும். ஆகவே ஒன்றை நம்பி இராமல் பலவற்றை நடுங்கள்.

எவை எளிது, எவை அரிது?

சீமை அத்தி, திராட்சை, மல்லிகை, செம்பருத்தி, பெருநாள் இரவில் நம் வீட்டுப் பெண்களின் கைகளைச் சிவக்கவைக்கும் மருதாணி ஆகியவை குச்சியில் எளிதில் வரும். முருங்கைக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத, மணிக்கட்டுப் பருமனுள்ள போத்து வேண்டும். கொய்யா குச்சியில் எளிதில் வேர் விடாது. அதற்குப் பதியனே ஏற்றது. மாவிற்கு ஒட்டுக் கட்ட வேண்டும். பப்பாளியை விதையிட்டே வளர்க்கலாம்.

வீட்டை விற்கப் பத்திரம் எழுதுமுன், கொல்லைப்புறம் ஒருமுறை சென்று பாருங்கள். உடன்பிறந்தார் எத்தனை பேரோ, அத்தனை தொட்டிகளில் குச்சிகளை ஊன்றுங்கள். மண்ணையும் சுவரையும் அளந்து பிரித்தால் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துப்போகும். அந்த மாதுளையோ, பங்கிடப் பங்கிட ஒவ்வொருவர் வாசலிலும் முழு மரமாக நிற்கும்.