ஒரு தீவு, இரண்டு கடல்: மன்னார்க் கரைக்குப் போகுமுன்

டென்மார்க்கில் ஓர்ஹுஸ் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. நகரத்தின் வடக்கிலும் தெற்கிலும் காடு கடல்வரை இறங்கி வருகிறது. மரநிழலில் நடந்து வந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணியளவில்தான் மஃரிபுடைய நேரம் வரும். நீண்ட குளிர்காலத்தைக் கழித்த மக்கள் அந்தச் சில வாரங்களில் வெயிலைத் தேடிக் கடற்கரைக்கு ஓடுகிறார்கள். அங்கே குடியேறிய நம் நாட்டவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, "எவ்வளவு அழகான இடம்!" என்று நாமும் வியக்கிறோம். மரமும் மணலும் கடலும் கூடிய கரை நம் வீட்டு வாசலிலும் இருக்கிறதே என்பது அப்போது நினைவில் வருவதில்லை.

மன்னார்த் தீவின் கரையோரத்தில் நமக்குப் பனங்கூடலே காடு. இந்தக் கரைக்கு எப்போது போவது, எந்தப் பக்கம் போவது, போனால் எதைக் கவனிப்பது என்பவற்றை மாணவிகளும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. தெரியாமல் போவதிலும் ஆபத்து உண்டு. தெரியாத காரணத்தால் போகாமலே இருந்துவிடுவதிலும் ஓர் இழப்பு உண்டு.

காற்றைக் கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார்வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். தீவின் அகலமோ சில கிலோமீற்றர்தான். இந்த ஒடுங்கிய நிலத்தின் இரு பக்கமும் இருப்பது ஒரே கடல் அல்ல. கீரி, தாழ்வுபாடு ஆகிய ஊர்கள் பார்த்து நிற்பது மன்னார் வளைகுடாவை. எருக்கலம்பிட்டி, பேசாலை ஆகியவை பார்த்து நிற்பது பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடலை. வடபக்கக் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்டது. வளைகுடாவோ தெற்கே போகப் போக ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஆழமாகிறது.

இந்த இரண்டு கடலையும் ஆள்வது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அப்போது தென்கரையில் அலை உயரும். மணல் முகத்தில் அறையும். அதே நாளில் வடகரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று. அப்போது வடகரை கொந்தளிக்க, தென்கரை ஓரளவு அமைதியாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலில் இரு பக்கமும் கடல் இளகியிருக்கும். ஆனால் நண்பகல் வெயில் பொறுக்காது.

ஆகவே "கோடை விடுமுறைக்குக் கடற்கரை" என்ற ஐரோப்பியக் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஓகஸ்ட் விடுமுறையில் போகிறவர்கள் வடகரையையும், டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் தென்கரையையும் தெரிவு செய்வதே பொருத்தம். நம் மீனவக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. காற்று திரும்பும்போது வாடியையும் மறுகரைக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் அவர்களுள் உண்டு. தாழ்வுபாட்டுக்கு அப்பால் தென்கரை நெடுக நிற்கும் காற்றாலைகளும் இதற்குச் சாட்சி. 103.5 மெகாவாற் வலுக்கொண்ட அந்த 30 காற்றாலைகளையும் சோளகம் நேராக வந்து மோதும் பக்கத்தில்தான் நட்டிருக்கிறார்கள்.

கரையைக் கட்டி வைத்திருப்பவை

கடற்கரை என்பது வெறும் மணல் அன்று. அலைக்கு அருகே மணலில் படர்ந்து ஊதாப் பூப் பூக்கும் அடம்பன் கொடியைப் பாருங்கள். கொடியின் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டு மணலைப் பிடிக்கிறது. அதற்குப் பின்னால் முள்முள்ளாக நிற்பது இராவணன் மீசை. காற்று கொண்டுவரும் மணலை அது தடுத்து மேடாக்குகிறது. மேட்டுக்குப் பின்னால் தாழையும் உடைமரமும் வடலியும், அதன் பிறகு உயர்ந்த பனைகளும். இந்த வரிசையில் ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்தது தளரும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் முன்னோர் சொன்னது ஒற்றுமைக்காக மட்டும் அல்ல. கரையோரத்தில் அது கண்ணால் காணும் உண்மை.

தனிப் பனை ஒன்றின் நிழல் ஒருவர் அமரவும் போதாது. கூடலாக நின்றால்தான் நிழல். ஆகவே பாய் விரிக்கக் கூடலுக்குள் இடம் தேடுங்கள். ஆனால் பனம்பழம் உதிரும் ஆடி, ஆவணி மாதங்களில் பனைக்கு நேர் கீழே யாரும் படுக்க வேண்டாம்.

மன்னார் மணலில் இல்மனைற் என்னும் கனிமம் கலந்திருக்கிறது. அதை அகழ்வதையும் புதிய காற்றாலைகளை நிறுவுவதையும் எதிர்த்து 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். தாழ்ந்த தீவு ஒன்றில் மணல் மேடு கரைந்தால் மழைவெள்ளம் எங்கே போகும், கடல் எதுவரை வரும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. கொடியையும் வடலியையும் பார்த்துத் திரும்பும் மாணவிக்கு அந்தக் கேள்வியின் பொருள் எளிதில் விளங்கும்.

நீரில் இறங்குமுன்

நீராடப் போகிறவர்கள் முதலில் அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அலைகள் வரிசையாக உடையும் இடத்தில், நடுவே ஒரு பகுதி மட்டும் அலை உடையாமல், நிறம் மாறிக் கலங்கித் தெரிந்தால் அது அமைதியான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. கரைக்கு வந்த நீர் திரும்பிக் கடலுக்குள் பாயும் இழுவை நீரோட்டமாக அது இருக்கலாம். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். முதலில் மிதந்திருங்கள், பிறகு கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவை குறைந்த இடத்தில் கரை சேருங்கள். கரையில் நிற்பவர்கள் காப்பாற்றப் பாய்வதைவிட, மிதக்கக்கூடிய வெற்றுப் போத்தல் கலனையோ கயிற்றையோ எறிவது மேல்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நனைந்த அபாயா கனக்கும். அலையில் கால்களைச் சுற்றும். நீந்தத் தெரிந்தவளையும் அது தடுமாற வைக்கும். அபாயாவோடு நிற்பவர்கள் முழங்காலளவு நீருக்கு மேல் போகக் கூடாது. நீந்த விரும்புகிறவர்கள் உடலை முழுமையாக மறைக்கும் நீச்சல் உடையில், பெண்கள் மட்டும் கூடும் இடத்தில், முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்ற அறிவுரை உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக வழங்கி வருகிறது. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் அதை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக எண்ணுவது சரியா என்று பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

ஆழமற்ற வடகரையில் காலை உயர்த்தி வைக்காமல் மணலோடு உரசி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். சொறிமுட்டை பட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். மஃரிபுக்குக் கடல்நீரில் உளூச் செய்யலாம். குடிநீரை அதற்குச் செலவிட வேண்டியதில்லை. நம் கரையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை. எனவே அஸருக்குப் பின் வந்து மஃரிபைக் கரையில் தொழுது வீடு திரும்பும் ஒரு பயணத்தை எந்த மாதத்திலும் திட்டமிடலாம்.

வழியில் பார்க்க வேண்டியவை

தள்ளாடியிலிருந்து தீவுக்கு வரும் பாதையின் இரு பக்கமும், வடகீழ்ப் பருவ மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக மேயும். வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாலத்தருகே போர்த்துக்கேயர் 1560இல் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கிறது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். ஆபிரிக்காவுக்கு உரிய இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது மரபுச் செய்தி.

தலைமன்னாரில் இறங்குதுறையைப் பாருங்கள். 1914இலிருந்து இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. போரினால் நின்றுபோன ரயில் 2015இல் மீண்டும் இந்தத் துறைவரை வந்தது. அப்பால் கடலில் தெரியும் மணற்திட்டுகள் ஆதாம் பாலம். உரிய அனுமதியின்றி அங்கே போக முடியாது. தெற்கே அரிப்பில், முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையைக் கடல் சிறிது சிறிதாக அரித்துத் தின்கிறது. மண்ணைப் பிடிக்க வேர் இல்லாத கரை எப்படி ஆகும் என்பதை அங்கே நேரில் காணலாம்.

கரைக்கு வராத மூத்தவர்கள்

"பெண்பிள்ளைக்குக் கடற்கரையில் என்ன வேலை?" என்ற குரல் நம் வீடுகளில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த வரலாறு நமக்குத் தெரியும். வெட்டவெளியும் மகிழ்ச்சியும் பெண்ணுக்கு விலக்கப்பட்டவை அல்ல. ஒழுங்கும் பாதுகாப்பும்தான் நிபந்தனை. வாப்பாவோ சகோதரனோ உடன் வர, குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து போனால் இரண்டும் கிடைக்கும். இங்கும் அடம்பன் கொடியின் பாடம்தான்.

ஆனால் சில தயக்கங்களுக்குக் காரணம் வேறு. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் சில நாட்களுக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவின் மக்கள் வீடு வாசலை விட்டு இந்தக் கரைக்குத்தான் வந்தார்கள். கற்பிட்டிக்குப் போகும் தோணிகளுக்காக மழையில் இந்த மணலில்தான் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பயணத்தில் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாரும் உண்டு. நாம் காற்று வாங்கப் போகும் இடம், அவர்கள் கடைசியாக ஊரைத் திரும்பிப் பார்த்த இடம். கடற்கரைக்கு வரச் சொன்னால் ஒரு மூத்தும்மா மறுபேச்சின்றி உள்ளே போய்விடுகிறார் என்றால், அதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

அவரை வற்புறுத்த வேண்டாம். ஆனால் கேளுங்கள். எந்தத் துறையில் தோணி ஏறினீர்கள், எதைக் கையில் எடுத்துக்கொண்டீர்கள், கற்பிட்டியில் கால் வைத்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அந்தத் தலைமுறையோடு அவையும் போய்விடும். ஒருநாள் அவராகவே வர விரும்பினால், சோளகம் தணிந்த ஒரு பின்னேரம் பார்த்து, கைபிடித்து அழைத்துப் போங்கள்.

திரும்பும்போது கொண்டுபோன போத்தலையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். விட்டுவந்தால் கழுதைகள் தின்னும். மிச்சத்தை அலை இழுத்துப் போகும். இரண்டும் நம் ஊரின் உயிர்களுக்குத்தான் கேடு.

ஓர்ஹுஸ் நகரத்துப் பிள்ளைக்குத் தன் கரையின் மரங்கள் தெரியும். நீர் எப்போது வெதுவெதுப்பாகும் என்பதும் தெரியும். மன்னார்ப் பிள்ளைக்கும் தன் கரை அப்படித் தெரிய வேண்டும். இன்று வீசுவது எந்தக் காற்று என்று அடுத்த விடுமுறைக்குள் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போக வேண்டிய கரை எது என்பதை அந்தக் காற்றே சொல்லிவிடும், இன்ஷா அல்லாஹ்.