எப்ஸ்ரைன்-பார் வைரசும் பிறபொருளெதிரிப் பரிசோதனையும்: ஒரு விளக்கம்

குருதிப் பரிசோதனை அறிக்கையில் 'பொசிற்றிவ்' எனும் சொல்லைக் கண்டதும் தம்மை நோயாளரெனக் கருதிக்கொள்வோர் பலர். எப்ஸ்ரைன்-பார் வைரசைப் பொறுத்தவரை இம்முடிவு பெரும்பாலும் தவறானது. அதன் காரணத்தையே நாம் ஈண்டு விளக்க முனைகின்றோம்.

யூகண்டாவில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பேர்கிற், ஆபிரிக்கச் சிறுவரின் தாடையில் தோன்றும் புற்றுநோயொன்றை விவரித்தார். அக்கட்டியின் கலங்களிலேயே எப்ஸ்ரைன், அச்சொங், பார் ஆகிய மூவரும் 1964 இல் இலண்டனில் இவ்வைரசைக் கண்டறிந்தனர். ஹேர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இது உமிழ்நீர் வழியே பரவுவது. ஒருமுறை தொற்றின் வாழ்நாள் முழுவதும் உடலில் உறைவது. உலகின் வளர்ந்தோருள் நூற்றுக்கு 90 பேருக்கு மேற்பட்டோர் இத்தொற்றுக்கு ஆளானவர்களே.

இப்பரிசோதனை தேடுவது வைரசையன்று; அதற்கெதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளையே. அவற்றுள் மூன்று முக்கியமானவை. வைரசின் உறைப் புரதத்துக்கெதிரான ஐ.ஜி.எம். தொற்றின் தொடக்கத்தில் தோன்றி, பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் மறையும். அதே புரதத்துக்கெதிரான ஐ.ஜி.ஜி. தொடக்கத்திலேயே தோன்றினும் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். வைரசின் கருப் புரதத்துக்கெதிரான ஐ.ஜி.ஜி. நோய்க்குறிகள் தோன்றி 2 முதல் 4 மாதங்களின் பின்னரே எழுந்து நிலைபெறும்.

எனவே மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். மூன்றும் இல்லையெனின், தொற்று நேரவில்லை எனலாம். முதலாவது இருந்து மூன்றாவது இல்லையெனின், அது அண்மைத் தொற்று. முதலாவது இன்றிப் பின்னிரண்டும் இருப்பின், தொற்று என்றோ நிகழ்ந்து முடிந்தது. எனினும், வேறு தொற்றுக்களின்போதும் ஐ.ஜி.எம். பொய்யாகத் தென்படலாம், சிலரிடத்து மூன்றாவது தோன்றாமலே போவதுமுண்டு. ஆதலால் நோய்க்குறிகளோடு இணைத்தே வைத்தியர் முடிவு கூறுவார்.

இங்குச் சமூக நிலைமைகளும் மனங்கொள்ளத்தக்கன. நெருக்கமான குடியிருப்புக்களில் வாழும் வறிய மக்களின் பிள்ளைகளுக்கு இவ்வைரசு மழலைப் பருவத்திலேயே தொற்றிவிடுகின்றது. அப்பருவத்தில் நோய்க்குறிகள் அரிதாகவே தோன்றும். வசதி படைத்தோரிடையே தொற்று இளமைப் பருவம்வரை பிற்போடப்படுவதால், அது சுரப்பிக் காய்ச்சலாக வெளிப்படுவது அதிகம். வைரசு ஒன்றே, அது தொற்றும் வயதை வாழ்நிலையே பெரிதும் தீர்மானிக்கின்றது.

இதனை மறந்தால் விளைவது யாது? நீண்டநாட் களைப்போடு வரும் தொழிலாளியொருவரின் ஐ.ஜி.ஜி. 'பொசிற்றிவ்' ஆயிருப்பதில் வியப்பில்லை. அதனையே களைப்பின் காரணமெனக் கொள்வோமாயின், குருதிச்சோகையோ, தைரொயிட் குறைபாடோ, ஓய்வற்ற வேலையோ ஆராயப்படாமற் போய்விடும். பழந்தொற்றின் சுவட்டை இன்றைய நோயெனக் கொள்ளாதிருத்தலே இவ்வறிக்கையை வாசிப்பதன் முதற்படியாகும்.