மூடாத வட்டம்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டுக்கு ஏறுகிறவர் ஒவ்வொரு வளைவிலும் அதே சமவெளியைத்தான் திரும்பப் பார்க்கிறார், கொஞ்சம் உயரத்திலிருந்து. சுற்றி வந்தாலும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்வதில்லை. சுரங்களும் அப்படித்தான்.

மலையின் பெயரிலேயே தேவாரத்தில் ஒரு பண் இருக்கிறது. அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண். ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். அந்தப் பழம்பண்களின் சுரங்கள் எங்கே நின்றன என்று கேட்டவர்களில் ஆபிரகாம் பண்டிதர் அளவுக்குப் பிடிவாதமானவர் வேறில்லை. தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர். தஞ்சாவூரில் சித்த மருந்து விற்றுச் சம்பாதித்ததை இசை மாநாடுகளில் கொட்டியவர். தமிழில் கீர்த்தனைகளும் எழுதினார். அதே காலத்தில் ஹங்கேரியில் இசையமைப்பாளர்கள் பார்ட்டோக்கும் கோடாயும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போய், நாட்டுப்பாட்டில் தங்கள் தேசத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பண்டிதர் தேடியது சிலப்பதிகாரத்தில், அதுவும் கணக்கில்.

கணக்கின் சிக்கல் இது. ச என்ற சுரத்துக்கு ஒன்றரை மடங்கு அதிர்வெண் ப. அந்தப் ப-வையே ச-வாக்கி மறுபடி ஏறுங்கள். 12 முறை ஏறினால் 7 ஸ்தாயி மேலே பழைய ச கிடைக்க வேண்டும். கிடைப்பது 129.75 மடங்கு, 7 முறை இரட்டித்தால் வருவதோ 128. அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்றவர்கள், அந்தச் சுருதிகள் சமமில்லாதவை என்றார்கள். பண்டிதர் மறுத்தார். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையின் 12 இராசி வீடுகளும் சமம். ஏழேழு வீடாகத் தாண்டினால் வட்டம் மூடும். ஆயப்பாலை என்ற முறையில் ஸ்தாயிக்கு 12 சம பங்கு, வட்டப்பாலை என்ற முறையில் 24 என்றார். 1916-இல் பரோடா மாநாட்டிலும் இதையே வாதாடினார். அடுத்த ஆண்டு சொந்த அச்சகத்தில் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்க முடியாது.

சிலப்பதிகாரத்தில் வட்டத்தைச் சொன்ன இளங்கோ சம அளவையும் சொன்னார் என்பது எனக்கு ஒப்பவில்லை. பக்தி கணக்கை முந்திவிட்ட இடம் அது. ஆனால் வட்டத்தை மூட எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு ப-வையும் அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு தாழ்த்தினால் போதும். கமகத்தில் அசையும் குரலில் இது தெரியவே தெரியாது.

தம்பூராவில் தெரியும். ச நொடிக்கு 130 அதிர்வு என்றால் அதன் மூன்று மடங்கு மேற்சுரம் 390. பண்டிதரின் தாழ்த்திய ப-வுக்கு இரண்டு மடங்கு மேற்சுரம் 389.56. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, இரண்டு நொடிக்குச் சற்று மேலான இடைவெளியில் நாதம் ஒருமுறை மெல்லத் தளர்ந்து மீண்டும் நிமிரும்.