குமிழி நின்றால் பீர் தயாரா?

1963-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பிரிட்டன் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் ஒரு பழைய விதியை எடுத்துவிட்டார். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களும் உரிமம் வாங்க வேண்டும் என்று 1880-ல் அன்றைய பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த விதி அது. 1970களில் பூட்ஸ் மருந்துக்கடைகளில்கூட பீர் கிட் விற்றார்கள். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு பீருக்கு வழிவிட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ள, கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் அனுமதித்தன.

பிரிட்டனில் புதிதாகக் காய்ச்சத் தொடங்குகிறவர் வாங்கும் பொருட்கள் அதிகமில்லை. ஹாப்ஸ் பூவின் கசப்பு ஏற்றிய மால்ட் (முளைகட்டிய தானியம்) பாகு ஒரு டின், ஈஸ்ட் பொட்டலம் ஒன்று, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று. வெந்நீரில் பாகையும் சர்க்கரையையும் கரைத்து, தண்ணீர் சேர்த்து 40 பைண்ட், அதாவது சுமார் 23 லிட்டர் ஆக்கி, சூடு தணிந்ததும் ஈஸ்டைத் தூவி மூடி வைக்க வேண்டும். அரை மணி நேர வேலை. சந்தேகங்கள் அதற்குப் பிறகுதான் வரிசைகட்டி வரும்.

முதல் சந்தேகம் எப்போதும் குமிழியைப் பற்றியது. வாளியின் மூடியில் ‘ஏர்லாக்’ என்ற வளைந்த குழாய் செருகியிருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்; வெளிக்காற்று உள்ளே போகாது. ‘இரண்டு நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை, ஈஸ்ட் செத்துவிட்டதா?’ என்பது ஒரு வகைக் கேள்வி. ‘குமிழி நின்றுவிட்டது, பாட்டிலில் அடைக்கலாமா?’ என்பது இன்னொரு வகை.

இரண்டுக்குமே குமிழியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. மூடி சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் இம்மி இடைவெளி இருந்தாலும் வாயு அந்த வழியே போய்விடும். உள்ளே நொதித்தல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தாலும் ஏர்லாக் அசையாது. நேர்மாறாகவும் நடக்கும். நொதித்து முடிந்த பீரில் கரைந்திருக்கும் வாயு, அறை சற்றுச் சூடானாலோ காற்றழுத்தம் குறைந்தாலோ வெளியேறும். வேலை முடிந்த பிறகும் குமிழி வரும்.

உண்மையைச் சொல்லும் கருவி ஹைட்ரோமீட்டர். பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு இது. அடியில் கனமும் மேலே அளவுக்கோடுகளும் உள்ள கண்ணாடிக் குழாய். உயரமான ஜாடியில் கொஞ்சம் பீரை ஊற்றி, அதில் இதை மிதக்கவிட்டு விரலால் ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும் குமிழிகள் குழாயைத் தூக்கிவிட்டு அளவைக் கெடுக்கும். சுழற்சி நின்றதும் கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கி, கண்ணாடியோரம் ஏறி நிற்கும் விளிம்பைத் தவிர்த்து, தட்டையான மட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுத்தமான தண்ணீர் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்த மால்ட் கரைசல் 1.050 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அந்த எண் இறங்கி 1.010 வாக்கில் நிற்கும். இறங்கிய 0.040-ஐ 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் அளவு கிடைக்கும்: சுமார் 5.2 சதவீதம். ஆப்பிளிலிருந்து செய்யும் சைடரிலும் ஒயினிலும் எண் 1.000-க்குக் கீழேயும் போவது புதியவர்களைத் திகைக்க வைக்கும். கருவி பழுதில்லை. எத்தனால் தண்ணீரைவிட லேசானது. சர்க்கரை ஏறக்குறைய முழுதும் தீர்ந்துபோனால் கலவை தண்ணீரைவிட லேசாகிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டி, அந்த எண்ணும் எதிர்பார்த்த இடத்தில் இருந்தால்தான் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தம். இந்தக் கலையில் முதல் செலவு இந்தக் கண்ணாடிக் குழாய்க்குத்தான் போக வேண்டும். பளபளக்கும் பாத்திரங்கள் பிறகு வரலாம்.

இந்த அளவைப் புறக்கணித்தால் சுவை மட்டும் கெடுவதில்லை, பாட்டில் வெடிக்கும்.

நொதித்து முடிந்த பீரில் நுரை குறைவு. அதனால் அடைக்கும்போது லிட்டருக்கு 5 அல்லது 6 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். மூடி இறுகியிருப்பதால் அந்த வாயு பீரிலேயே கரையும். கணக்கு எளிது. 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரும். சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி வாயுவாகிறது. அரை லிட்டர் பாட்டிலுக்கு 3 கிராம் சர்க்கரை போதும், அது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. இப்போது 1.010-க்கு இறங்க வேண்டிய பீரை 1.020-லேயே அவசரப்பட்டு அடைத்துவிட்டதாக நினைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை தின்னப்படாமல் உள்ளே போகிறது. ஷாம்பெயின் தயாரிப்பில் இரண்டாம் நொதித்தலுக்குச் சேர்க்கும் அளவு கிட்டத்தட்ட அதுதான். அது 5, 6 வளிமண்டல அழுத்தத்தைத் தரும். ஷாம்பெயின் பாட்டில் அதற்கென்றே தடித்த கண்ணாடியில் செய்யப்படுகிறது. பீர் பாட்டில் அப்படியில்லை.

பிரான்சின் ஷாம்பெயின் பகுதி இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திக் கற்றது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே நிலவறையில் வேலை பார்த்தவர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் தொடர்ந்து வெடிக்கும். ஷாலோன் ஊரைச் சேர்ந்த மருந்தாளுநர் ஜான் பாப்டிஸ்ட் பிரான்ஸ்வா 1830களில் ஒயினில் மிச்சமிருக்கும் சர்க்கரையை அளந்து, இன்னும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்கிடும் முறையைத் தந்த பிறகே வெடிப்பு குறையத் தொடங்கியது. ஈஸ்ட் ஓர் உயிர், அதன் வேலைதான் நொதித்தல் என்று லூயி பாஸ்டர் நிறுவுவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, காரணம் முழுதாகத் தெரியாமலேயே, அளவு மட்டும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சைடர் பார்வைக்கு இன்னும் எளிது. ஆப்பிள் சாறு, ஈஸ்ட், பொறுமை. சாமர்செட் பண்ணைகளில் ஈஸ்ட்கூடச் சேர்க்காமல், பழத்திலும் பிழியும் செக்கிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்டை நம்பியே சைடர் செய்யும் வழக்கம் உண்டு. நகரத்தில் இருப்பவர் கடையில் ஆப்பிள் ஜூஸ் வாங்கி ஈஸ்ட் போடுகிறார். ஒரு வாரம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. ஈஸ்ட் மேல் பழி போடுவதற்கு முன் ஜூஸ் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பொட்டாசியம் சார்பேட் என்று அச்சிட்டிருந்தால் அந்தச் சாறு உதவாது. சார்பேட் ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. நொதிக்க வேண்டுமென்றால் ஈஸ்ட் கோடிக்கணக்கில் பெருக வேண்டும். வைட்டமின் சி சேர்த்திருந்தாலோ பாஸ்ச்சரைஸ் செய்திருந்தாலோ கவலையில்லை.

இதே சூத்திரம் நம் பனங்காடுகளில் வேறு உருவில் உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் சில மணி நேரத்தில் கள். சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கிவைக்கிறது.

சுத்தம் பற்றிய கேள்வியில் புதியவர்கள் இரண்டு முனைகளில் ஒன்றில் நிற்கிறார்கள். ஒருவர் வாளியைக் குழாயடியில் அலசிவிட்டுப் போதும் என்கிறார். இன்னொருவர் பிளீச்சிங் திரவத்தைக் கொட்டித் தேய்க்கிறார். முதலாமவருக்குக் காடி கிடைக்கலாம். காற்றும் பழ ஈக்கள் சுமந்துவரும் பாக்டீரியாவும் சேர்ந்தால் ஆல்கஹால் அசிட்டிக் அமிலமாகிவிடும். இரண்டாமவருக்கு பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். குளோரின், மால்ட்டிலுள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆவதால் வரும் வாடை அது; மிகமிகக் குறைந்த அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின்கூட இதற்குப் போதும். அதனால்தான் 20 லிட்டர் தண்ணீரில் கால் மாத்திரை மெட்டாபைசல்ஃபைட்டைக் கரைத்து குளோரினை முறிக்கிறார்கள்.

கெட்டுப்போன பீரைக் குடித்தால் ஆபத்தா? பூஞ்சை படர்ந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். மற்றபடி கொதித்த கரைசல், அமிலத்தன்மை, ஆல்கஹால், ஹாப்ஸ் எல்லாம் சேர்ந்த பீரில் நோய்க்கிருமிகள் பொதுவாகப் பிழைப்பதில்லை. 1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா கொன்று குவித்தபோது, நோயைப் பரப்பிய பிராட் தெருக் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையில் 70-க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரும் காலராவில் சாகவில்லை என்று மருத்துவர் ஜான் ஸ்னோ பதிவுசெய்தார். ஆலையில் அவர்களுக்கு பீர் கிடைத்தது, ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. தெருக்குழாயை அவர்கள் தொடவில்லை.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் போதாதா? போதும். ஏல் வகை பீருக்கான ஈஸ்டும் அதுவும் ஒரே இனம்: சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பின்லாந்தில் சாத்தி என்ற பழைய பண்ணை பீரை இன்றும் ரொட்டி ஈஸ்டில்தான் காய்ச்சுகிறார்கள். ஆனால் ரொட்டி ஈஸ்ட், மாவை உப்ப வைப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடியில் படிந்து பீரைத் தெளிய வைக்க வேண்டிய அவசியம் அதற்கு இருந்ததில்லை. பீர் ஈஸ்டுக்கு அந்தக் குணமும் சுவையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த நீண்ட வரலாறு உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தது அதில் பெரிய திருப்பம்.

ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும். சூடு ஏறினால் ஃபியூசல் ஆல்கஹால்கள் கூடி பீர் தொண்டையை எரிக்கும். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால், வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதற்கு அழகான விதிவிலக்கு நார்வேயின் பண்ணை ஈஸ்டான குவைக். மேற்கு நார்வேப் பண்ணைகள் தலைமுறை தலைமுறையாக மரவளையங்களிலும் துணியிலும் காயவைத்துக் காப்பாற்றிய இந்த ஈஸ்ட், 35 டிகிரிக்கு மேலும் சுவை கெடாமல் இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடுகிறது.

கண் போய்விடுமா? எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி இதுதான். தமிழ் வாசகர்களுக்கு இது வெறும் பொது அறிவு அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். ஆனால் அது நொதித்தலில் ஊறி வந்ததல்ல, சாராயத்தில் கலக்கப்பட்டது. பழங்களிலுள்ள பெக்டின் சிதையும்போது ஒயினிலும் சைடரிலும் துளி மெத்தனால் உண்டாவது உண்மை. சர்வதேச ஒயின் அமைப்பு சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. தானியத்திலிருந்து வரும் பீரில் அதைவிடக் குறைவு. காய்ச்சி வடிக்கும்போது நிலைமை மாறுகிறது. வடித்தல் புதிதாக மெத்தனாலை உண்டாக்காது. இருப்பதைச் செறிவாக்கும், தீ விபத்துக்கும் இடம் கொடுக்கும். வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கும் பிரிட்டனும் அமெரிக்காவும் உரிமமின்றி வடிப்பதைத் தடை செய்திருப்பது இதனால் நியாயமாகவே படுகிறது. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். பீருக்கும் ஒயினுக்கும் தனிச் சலுகை இல்லை.

மெத்தனால் நேரடியாகக் கண்ணைப் பறிப்பதில்லை. கல்லீரலில் அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம். இதற்குப் பல மணி நேரம் பிடிப்பதால், குடித்தவர் முதலில் சாதாரணப் போதை என்றே நினைத்துக்கொள்வார். மங்கலான பார்வை, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வரும்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மெத்தனாலைச் சிதைக்கும் அதே நொதிதான் எத்தனாலையும் சிதைக்கிறது, அதுவும் எத்தனாலுக்கே முன்னுரிமை தருகிறது. ஆகவே மருத்துவமனைகளில் ஃபோமெபிசோல் என்ற முறிமருந்து கிடைக்காதபோது, மருத்துவர்கள் அளந்து கொடுக்கும் தூய எத்தனாலையே மாற்று மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். நொதி அதில் மும்முரமாக இருக்கும் நேரத்தில் டயாலிசிஸ் மூலம் ரத்தத்திலிருந்து மெத்தனால் வெளியேற்றப்படுகிறது.