பி செல்லைக் காட்டிக் கொடுக்கும் ஒற்றன்

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பி செல்லும் டி செல்லும் ஒரே மாதிரி உருண்டையாகத்தான் தெரியும். எது எதுன்னு எப்படிச் சொல்வது? அதற்குத்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஆன்டிபாடி சுரக்கும் எலியின் பி செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். பிறந்த கலப்புச் செல் சாகாமல் பெருகி, ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருந்தது. 1984-ல் நோபல் பரிசு. (காப்புரிமை வாங்காமல் விட்டதுதான் வேடிக்கை!)

பி செல்லின் மேல் சிடி20 என்றொரு புரதம் உண்டு. டி செல்களில் பெரும்பாலும் அது கிடையாது. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ரத்தச் செல்களோடு கலந்து, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஃப்ளோ சைட்டோமீட்டரில் விட்டால், லேசர் பட்டதும் பி செல் பளிச்சென்று ஒளிரும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆன்டிபாடிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு அடையாளம்தான். பி செல் முதிர்ந்து பிளாஸ்மா செல் ஆனதும் சிடி20 போய்விடும். 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் மருந்தும் இதே சிடி20-ல்தான் போய் உட்காரும். அந்த மருந்து ஏறியவரின் ரத்தத்தில் நம்ம ஆன்டிபாடிக்கு இடம் கிடைக்காமல், செல் இருந்தும் "இல்லை" என்று ரிசல்ட் வரலாம். அதனால்தான் அவர்களுக்கு சிடி19-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்து எண்ணுகிறார்கள்.