ஜெபமும் மாத்திரையும்

மாதத்தில் ஒரு நாள் கிளினிக், வாரத்தில் ஒரு நாள் ஜெபக்கூட்டம். நமது தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்த இரண்டுக்கும் தவறாமல் போய் வருகின்றன. ஆனால் லயத்துப் பேச்சில் அடிக்கடி ஒரு கேள்வி நம் காதில் விழுகிறது. "ஜெபம் பண்ணுனதுக்குப் பொறகும் மாத்திரை போட்டா, விசுவாசம் இல்லேன்னுதானே அர்த்தம்?" கேட்பவர்கள் குதர்க்கமாகக் கேட்கவில்லை, மனக்கலக்கத்தோடுதான் கேட்கிறார்கள். இன்னும் சிலர் கேட்பதே இல்லை. மாத்திரைப் பையைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெபம் மனிதருக்கு நன்மை செய்வதை நாம் கண்ணால் பார்க்கிறோம். கசிப்பை விட்டுவிட்டுச் சம்பளத்தை அப்படியே வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் தகப்பன்மார் உண்டு. பிரசவித்த வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோகும் சபைப் பெண்கள் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு தனியாகக் கிடக்கும் ஒரு கிழவியிடம், "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஒரு ஆள் வருகிறதென்றால், அநேகமாக அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற ஆள்தான். இதை எந்த டிஸ்பென்சரியும் துண்டு எழுதிக் கொடுக்க முடியாது. ஆகவே ஜெபத்தைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

சிக்கல் எங்கே வருகிறது? பிரஷரை எடுத்துக்கொள்வோம். இரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற அளவிலும் அதற்கு மேலும் தொடர்ந்து இருந்தால் அது நோய். ஆனால் அது வலிக்காது. காய்ச்சல் போலச் சுடாது. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறும்போதுகூடத் தெரியாது. மாத்திரை போடுகிறவருக்கு அழுத்தம் இறங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போகிறார், தலையில் கை வைத்து ஜெபிக்கிறார்கள், மனம் லேசாகிறது. அடுத்த நாள் மாத்திரையை நிறுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழமை போகிறது, அப்போதும் சுகமாகவே இருக்கிறார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் நிறுத்துகிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உணர்ந்த சுகத்தில் மாத்திரைக்கும் பங்கு இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. மாத்திரையின் வேலை முடிந்த பிறகு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். வெளியே தெரியும்போது வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கும். பாரிசவாதம் வந்து படுத்தவர் சாட்சி சொல்லக் கூட்டத்துக்கு வருவதில்லை. அதனால்தான் சுகமான கதை மட்டும் தோட்டம் முழுக்கச் சுற்றுகிறது.

காசநோயிலும் இதே மயக்கம் உண்டு. மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் இருமல் குறையும், பசி எடுக்கும், முகம் தெளியும். ஆனால் கிருமி முழுவதும் சாகவில்லை. குறைந்தது ஆறு மாதம் மருந்து எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். நடுவில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்து எழும்பும் நமது வீடுகளில் அது யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த மருந்து அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

வேதாகமம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, அதை விரித்துப் பார்க்கும்படியே சொல்கிறோம். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தான், அழுது ஜெபித்தான். அவன் ஜெபம் கேட்கப்பட்டது, ஆயுளில் 15 வருடம் கூட்டப்படும் என்று ஏசாயா தீர்க்கதரிசி மூலம் வாக்கும் வந்தது. அதே ஏசாயாதான், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து அவன் கட்டியின் மேல் போடும்படியும் சொன்னார். இது இரண்டாம் இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் மருந்து போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ராஜாவுக்கு விசுவாசம் இல்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர். நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், சத்திரத்துக்காரனிடம் பணமும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளும்படி பவுல் எழுதினார். (இந்த ஒரு வசனத்தை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு தவறணைப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு கதை.) கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் நூலின் 38ஆம் அதிகாரம், வைத்தியரை மதிக்க வேண்டும் என்றும் மருந்தும் கடவுள் படைத்ததே என்றும் விளக்கமாகவே சொல்கிறது.

எல்லாவற்றையும்விட நமக்குப் பயன்படுவது பத்துக் குஷ்டரோகிகளின் கதை. இயேசு அவர்களை ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காட்டும்படி அனுப்பினார். அந்தக் காலத்துச் சட்டப்படி, ஒருவனைப் பார்த்துச் சுத்தமானான் என்று சொல்லும் பொறுப்பு ஆசாரியருடையது. இன்று பிரஷரும் சீனியும் குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார்? டொக்டர்தான். சுகமாகிவிட்டேன் என்று நம்புகிறவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே கிளினிக்குக்குப் போய்ப் பார்க்கச் சொல்லட்டும். அளவு இறங்கியிருந்தால் டொக்டரே மருந்தைக் குறைப்பார். அப்போது சாட்சிக்கும் பலம் கூடும்.

இனி உபவாச ஜெபம். சீனி வருத்தம் உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், பிறகு விழுந்துவிடுவார். கூட்டத்தில் இது நடந்தால், ஆவி இறங்கியது என்றோ பேய் பிடித்தது என்றோ நினைத்துச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்துக்கொண்டிருக்க இடமுண்டு. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது சீனி. நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 1990க்குப் போன் போட்டு சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கிற வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நோயாளியை உபவாசம் இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் வழக்கம் பழைய சபைகளிலும் கிடையாது. கத்தோலிக்க திருச்சபையின் சட்டப்படி உபவாசக் கடமை 18 வயதிலிருந்து 59 வயது வரையில் உள்ளவர்களுக்குத்தான். நோயாளிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. சாப்பாட்டை விட முடியாதவர் வெற்றிலையை விடலாம், சீரியலை விடலாம், அடுத்த வீட்டுக்காரியோடு போட்ட சண்டையை விடலாம். அது பட்டினியைவிடக் கஷ்டமான உபவாசம் என்பது எங்கள் அபிப்பிராயம்!

வலிப்பு நோயைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்த ஒரு பையனைப் பற்றி மாற்கு சுவிசேஷத்தில் படித்துவிட்டு, தன் பிள்ளைக்கும் அதேதான் என்று மாத்திரையை நிறுத்துகிற பெற்றோர் உண்டு. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள், வேளைக்கு மாத்திரையும் கொடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் பீலிக்கரையிலும் தனியே விடாதீர்கள்.

குடியை விடுகிறவர்கள் விஷயத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பல வருடமாகக் காலை மாலை என்று குடித்தவர் ஒரு கூட்டத்தில் மனம் திரும்பி அன்றைக்கே முற்றாக நிறுத்திவிடுகிறார். எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் கை கால் நடுங்குகிறது, தூக்கம் இல்லை, சுவரில் பூச்சி ஊருது என்கிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார். வலிப்பும் வரலாம். "பாத்தீங்களா, பிசாசு விட மாட்டேங்குது" என்று கட்டிப்போட்டு ஜெபிப்பதும், இதற்குப் பழையபடி குடித்தாலே தேவலை என்று வீட்டாரே ஒரு கால் போத்தல் வாங்கிக் கொடுப்பதும் இந்த இடத்தில்தான். இரண்டும் வேண்டாம். குடிக்குப் பழகிய மூளை திடீரென்று அது இல்லாமல் தவிப்பதால் வருகிற நோய் இது, ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து உண்டு. அதிகமாகக் குடிப்பவர் நிறுத்த முடிவெடுத்தால், நிறுத்துவதற்கு முன்பே டொக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. நல்ல தீர்மானம் எடுத்த மனிதனை மூன்றாம் நாள் பறிகொடுக்கக்கூடாது.

மன நோய்க்கு வருவோம். "ஜெபம் பண்ணுறவளுக்கு எப்படி மனச்சோர்வு வரும்?" என்று கேட்பவர்கள் எலியாவை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி ஒரு நாள் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், செத்துப்போகிறேன் என்று கேட்டார். தேவதூதன் வந்து அவரைத் திட்டவில்லை, விசுவாசம் குறைந்துவிட்டது என்று பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்க விட்டார். எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டு, மறுபடி சாப்பிட வைத்தார். பேச்செல்லாம் பிறகுதான். இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு நாமும் இப்படித்தான் செய்ய வேண்டும். தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, களைக்கொல்லி இருந்தால் அப்புறப்படுத்துங்கள். ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றம் என்ற நிலை இலங்கையில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைக்கத் தேவையில்லை.

தமிழ் மண்ணில் கிறிஸ்தவ ஊழியமும் வைத்தியமும் கைகோத்து வந்தவைதான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார். அவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடரின் பேத்திதான், 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர். இவர்கள் ஜெபிக்காதவர்களா?

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை விடுகிற எல்லாரும் விசுவாசத்துக்காக விடுவதில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது. பஸ் காசு வேண்டும். விடியற்காலையில் போய் இலக்கம் எடுத்து, பின்னேரம் வரை வாங்கில் உட்கார வேண்டும். ஜெபக்கூட்டமோ நமது லயத்திலேயே, வேலை முடிந்த பிறகு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரவேற்கும் இடத்தில் நடக்கிறது. களைத்துப்போன மனுஷி எதைத் தேர்ந்தெடுப்பாள்? ஆகவே அவளைக் கண்டிப்பதில் பிரயோசனம் இல்லை. ஒரே லயத்தில் கிளினிக் போகிறவர்கள் நான்கு பேர் இருந்தால் ஒன்றாகப் போகலாம், பிள்ளைகளை ஆள் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். நடக்க முடியாதவரின் கிளினிக் கொப்பியை வேறொருவர் கொண்டுபோய் மருந்து எடுத்து வர முடியுமா என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஜெபக்கூட்டம் நடத்தும் போதகர்மாரிடமும் சபை மூப்பர்களிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வாய்ச்சொல்லுக்கு எங்கள் மக்களிடம் இருக்கும் மதிப்பு டொக்டரின் துண்டுக்குக்கூட இல்லை. தலையில் கை வைத்து ஜெபித்து முடித்ததும், "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உபவாசக் கூட்டத்தில் சீனி வருத்தக்காரர்களுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் ரொட்டியும் தனியே எடுத்து வையுங்கள். கிளினிக் நாளும் உங்கள் கூட்டமும் ஒரே நாளில் விழுந்தால், கூட்டத்தைப் பின்னேரம் ஆறு மணிக்குத் தள்ளிப் போடுங்கள். அவர்கள் மருந்துப் பையோடு நேரே அங்கேயே வந்து சேருவார்கள்.